புல் மூடிய தடம்

புல்காரருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வீட்டுத் தோட்டங்களில் புல் போட்டுப் போட்டு, அந்தப் பெயர் எங்கோ மண்ணுக்கடியில் போய்விட்டது. தபால்காரர்கூட ‘புல்காரர் வீடு எது’ என்றுதான் கேட்டு வந்தார். பள்ளிக்கூடத் திடல், ஆஸ்பத்திரி முற்றம், மூன்று வங்கி மேலாளர்களின் கொல்லை, எல்லாம் அவர் கைபட்டுப் பச்சையானவை. ஆனால் அவருடைய சொந்த வீட்டுப் பின்பக்கத்தை எட்டிப் பார்த்த எவரும் அவரை வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொது. இடப்பக்க வீட்டில் அவர், வலப்பக்க வீட்டில் அவருடைய அக்கா. ஒரே மனையில் இரண்டு வீடாகக் கட்டிய அப்பா, பின்னால் சுவர் எழுப்பாமல் விட்டுப் போனார். அந்த இடம் முழுக்கப் புல்தரை. அதன் குறுக்கே, அக்கா வீட்டுப் பின்படியிலிருந்து தம்பி வீட்டு மூலையில் இருந்த சின்ன இரும்புக் கேட் வரைக்கும், ஒரு முழ அகலத்துக்கு மொட்டைத் தடம் ஒன்று ஓடியது. அக்கா நடந்து நடந்து விழுந்த தடம் அது. கேட்டுக்கு வெளியே வண்டி நுழையாத சந்து, சந்தில் மளிகைக்கடை, மருந்துக்கடை, பால்கடை. முன்வாசல் பக்கம் லாரியும் பஸ்ஸும் உறுமும் பெரிய ரோடு. அந்தப் பக்கம் அக்கா தலைகாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. “அந்த ரோட்டுல மனுஷி நடப்பாளா?” என்பாள். நியாயமான கேள்வி என்று புல்காரரும் விட்டுவிட்டார்.

“அக்கா, ஊர் பூரா நான் புல்லு முளைக்க வைக்கிறேன். நீ என் வீட்டுல மட்டும் வழுக்கை விழ வைக்கிற” என்று அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

“உன் தலைக்குப் பொருத்தமா இருக்கட்டும்னுதான்டா” என்று அக்காவும் தவறாமல் சொல்வாள்.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது, தம்பிக்கு அறுபத்தொன்று. அவள் கணவர் போய்ப் பத்து வருடம், இவர் மனைவி போய் ஆறு. காலை ஆறரைக்கு அவள் படியிறங்குவாள். செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தடத்தில் நடப்பாள். கேட்டுக்குப் போன பிறகுதான் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைப்பாள். “செருப்பு தேஞ்சிடும், கால் தேயாதா?” என்று அதற்கும் ஒரு கேலி உண்டு. கேலி செய்வதில் நம் புல்காரர் குறை வைத்ததே இல்லை. குறை வைத்ததெல்லாம் வேறு விஷயத்தில்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மகள் கூப்பிட்டாள். ஒரே மகள். இரண்டு நாள் பயணத் தொலைவில், நாலாவது மாடியில், ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. இந்த முறை டாக்டர் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணவன் கப்பலில் வேலை செய்பவன், பிள்ளை பிறந்த பிறகுதான் கரைக்கு வருவான். எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாத பெண், “அப்பா, நீங்க வந்து இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் புல்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

போகத்தான் வேண்டும். ஆனால் அக்காவை யார் பார்ப்பது?

“என்னைப் பார்க்கறதுக்கு நான் இருக்கேன்” என்றாள் அக்கா. “கடை பக்கத்துல, மருந்து பக்கத்துல. ராத்திரி தூங்கறதுக்குத் துணை வேணுமா எனக்கு? பிள்ளை கூப்பிடறா, இவர் இங்க உட்கார்ந்து எனக்குக் காவல் காக்கப் போறாராம். போடா, போய் டிக்கெட் எடு.”

எடுத்தார். இருபத்தைந்து நாள் கழித்துப் பயணம். ஒரு வருடமாவது அங்கேயே இருந்துவிட்டு வருவதாகப் பேச்சு.

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அவருக்கு மனசு உறுத்தியது. அக்காவுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும். புல்காரருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். தான் இல்லாத ஒரு வருடமும் அவள் பின்கதவைத் திறந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தார். கேலியாகவே பேசிக் கழித்த அந்த மொட்டைத் தடத்தை மூடிவிட முடிவு செய்தார். விதை போட்டால் முளைத்துத் தரையைப் பிடிக்க இரண்டு மாதம் ஆகும், அதுவரை அவர் இருக்க மாட்டார். அதனால் புல் பாய்தான் என்று தீர்மானித்தார். மண்ணோடு சேர்த்து வெட்டிச் சுருட்டி, பண்ணையிலிருந்து லாரியில் வரும் புல்லைத்தான் அப்படிச் சொல்வார்கள். விரித்த அன்றே பச்சை.

அக்கா இருக்கும்போது செய்தால் கதை நடக்காது. சித்தி மகள் நெடுநாளாக அக்காவைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக்கொண்டிருந்தாள். புல்காரர் அவளிடம் ரகசியமாகப் பேசி, ஐந்து நாளைக்குக் காரோடு வரவழைத்தார். அக்கா மாட்டேன் என்று அடம்பிடித்தாள். இடுப்பு வலி என்றாள், பிறகு பல்வலி என்றாள், கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சித்தி மகள் கையைப் பிடித்துக் காரில் உட்காரவைத்துக்கொண்டு போனாள்.

கார் திரும்பியதும் புல்காரர் கடப்பாரையை எடுத்தார்.

தடத்து மண் கல்லாக இறுகியிருந்தது. முதல் குத்தில் கடப்பாரை ‘டங்’ என்று எகிறி, தோள்பட்டைவரை அதிர்ந்தது. இறுகிய மண்மேல் புல் பாயை அப்படியே விரிப்பவர்கள் உண்டு. வேர் இறங்க இடமில்லாமல் பத்தே நாளில் அது மஞ்சளித்துச் சாகும். நம் ஆள் அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தினார். கட்டிகளை உடைத்தார். மணலும் மக்கிய எருவும் கலந்து கையாலேயே பிசைந்தார். மற்ற இடங்களிலும் புல் பாதி செத்துக் கிடந்ததால், கையோடு அக்கா படியிலிருந்து கேட் வரைக்கும் நல்ல அகலத்துக்குச் செதுக்கிக் கொத்திவிட்டார். வாரியால் இழுத்துச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, மறுநாள் பாய்களை விரித்தார். செங்கல் அடுக்குவது போல ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசையின் நடுவில் வரும்படி போட்டு, ஓரங்களைக் கத்தியால் சீவி, கை உருளையை மேலே ஓட்டினார். மூன்றாம் நாள் மாலை நின்று பார்த்தபோது, அங்கே ஒரு தடம் இருந்ததாகச் சத்தியம் செய்தாலும் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். வங்கி மேலாளர்களுக்கெல்லாம்கூட அவர் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். ‘அத்தை பார்த்தா மயங்கியே விழுந்துடுவாங்க’ என்று பதில் வந்தது.

ஐந்தாம் நாள் அந்தி சாயும் நேரம் சித்தி மகள் அக்காவை முன்வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். புல்காரர் பொறுக்க மாட்டாமல் அவளைப் பின்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

“பாரு!”

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்தாள். ஈர மண் வாசனை தூக்கலாக இருந்தது.

“என்னடா பண்ணின?”

“நீயே பாரேன்.”

அக்கா இன்னொரு முறை மூச்சை இழுத்தாள். பிறகு, “புல்லா?” என்றாள்.

“புல்லேதான். உன் வழுக்கைக்கு மருந்து போட்டாச்சு.”

“எது வரைக்கும்?”

“கேட் வரைக்கும். ஒரு அங்குலம் விடலை.”

“அழகா இருக்குடா” என்றாள் அக்கா. நிலையைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

“ஆனா ரெண்டு வாரம் மிதிக்கக் கூடாது, வேர் பிடிக்கணும். அதுவரைக்கும் முன்வாசல் வழியாப் போய்க்கோ.”

“சரி.”

அவ்வளவுதான். புல்காரருக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு கேலி, ஒரு வசவு, ஏதாவது எதிர்பார்த்திருந்தார். பயண அலுப்பு என்று தன்னைத் தேற்றிக்கொண்டு போய்ப் படுத்தார்.

மறுநாள் அக்கா வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்தே, “தலைவலிடா, படுத்திருக்கேன்” என்றாள். பால் வாங்கினாளா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றாள். அக்காவுக்குக் கோபம் போலிருக்கிறது, சொல்லாமல் செய்ததில் வருத்தம் போலிருக்கிறது என்று புல்காரர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். அவர் தானாக வந்த முடிவுகள் எல்லாமே இந்த லட்சணத்தில்தான் இருந்தன.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணி. சமையலறை ஜன்னலோரம் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். புல்தரையின் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கால், கையில் செருப்பு, தோளில் பை. ஒரு காலை முன்னால் வைத்துப் புல்லைத் தேய்த்துப் பார்த்தாள். எடுத்து இடப்பக்கம் வைத்தாள். மறுபடி வலப்பக்கம். பிறகு நாலு அடி நடந்தாள். கேட் இருந்த பக்கம் அல்ல, துணி துவைக்கும் கல் இருந்த பக்கம்.

புல்காரருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், அதை மறைத்துப் பயனில்லை. “அக்கா! புல்லை மிதிக்காதேன்னு சொன்னேனா இல்லையா?” என்று ஜன்னல் வழியே கத்தினார்.

அக்கா திடுக்கிட்டாள். குரல் வந்த திசையைத் தேடித் திரும்பி, சிரித்த முகத்தோடு, “வேலை ஒழுங்காப் பண்ணியிருக்கியான்னு பார்க்கிறேன்டா!” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலை அல்ல. ஜன்னலுக்கு மூன்று கஜம் தள்ளி இருந்த வெறும் சுவரை.

புல்காரர் அடுப்பை அணைக்காமலே இறங்கி வந்தார். புதுப் புல்லில் காலடி ஓசை எழவில்லை. அவளுக்கு நேரெதிரே, கை எட்டும் தூரத்தில் வந்து நின்றார். அக்கா அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள்.

“டேய், என்ன சத்தத்தையே காணோம்? கோபமா? சரி சரி, திரும்பிப் போயிடறேன், ஓரமாப் போயிடறேன்... டேய், கேட்குதா?”

அவர் கையை அவள் முகத்துக்கு முன்னால் தூக்கினார். அந்தக் கண்கள் அசையவில்லை. வாயிலிருந்து “அக்கா” என்று மட்டும் வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை.

அவ்வளவு பக்கத்தில் குரல் கேட்டதும் அக்காவின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

“எவ்வளவு நேரமா நிக்கிற?” என்று மெதுவாகக் கேட்டாள்.

படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு அவளே சொன்னாள். கண் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம். கடைசி வெளிச்சமும் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

“ஏன் சொல்லலை?”

“முதல்ல வெட்கம்டா. அப்புறம் உன் பொண்ணு உண்டாயிருக்கான்னு தெரிஞ்சதும், சொல்லவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். சொன்னா நீ போவியா?”

“எப்படி அக்கா தனியா...”

“தனியாத்தான் நடந்துட்டிருந்தேனே! படியிறங்கினா கட்டாந்தரை, ரெண்டு பக்கமும் புல்லு. காலே சொல்லிடும். கேட்டுக்கு அந்தப் பக்கம் சுவரைத் தொட்டுட்டே போனா மளிகைக்கடை. மளிகைக்காரருக்குத் தெரியும். மருந்துக்கடைப் பொண்ணுக்குத் தெரியும். இந்த அஞ்சு நாள்ல சித்தி மகளுக்கும் தெரிஞ்சுபோச்சு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு மூணு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன்.”

சந்துக்கே தெரிந்த விஷயம். பின்வாசலைத் திறந்தால் எதிரே தெரிகிற தம்பிக்கு மட்டும் தெரியாது. கண்ணாடி உடைந்துவிட்டது என்று மருந்துச் சீட்டைப் படிக்கச் சொன்னாள், படித்தார். செய்தித்தாளில் எல்லாம் பொய் என்று வாங்குவதை நிறுத்தினாள், சரிதான் என்றார். தேநீர் ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றினாள், அதற்கும் ஒரு கேலி செய்தார். இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து அவரை அறைந்தது.

அவர் எழுந்தார். நேராகப் புல்தரைக்குப் போய், முழங்காலிட்டு, ஒரு பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஐந்தாறு நாள் ஆன புல் என்பதால் வேர் இறங்கத் தொடங்கியிருந்தது. பழந்துணி கிழிவது போல மெல்லிய சத்தத்தோடு உரிந்து வந்தது. அடுத்ததை இழுத்தார். அதற்கடுத்தது. விரித்த அக்கறையில் பாதிகூட இல்லாமல் சுருட்டி எறிந்தார். மூச்சு வாங்க, படியிலிருந்து கேட் வரைக்கும் விரித்ததையெல்லாம் உரித்துவிட்டு, “வா அக்கா, வந்து நடந்து பாரு” என்று கையைப் பிடித்து இறக்கினார்.

அக்கா கால் வைத்தாள். கணுக்கால் வரை புதைந்தது. இன்னொரு அடி வைத்தாள். அங்கேயும் புதைந்தது. வலப்பக்கமும் பொலபொலவென்றிருந்தது, இடப்பக்கமும் அப்படியே. ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, கட்டி உடைத்து, எருவோடு பிசைந்த மண் அது. கேட்டுக்கான வழி அதில் எங்கேயும் இல்லை.

“இது அது இல்லடா” என்றாள்.

“மிதிச்சு மிதிச்சுக் கெட்டி பண்ணிடறேன். உருளையை ஓட்டறேன். எப்படிப் போச்சுன்னு சொல்லு. நேராப் போச்சா, எங்கயாவது வளைஞ்சுதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? காலுக்குத்தான் தெரியும். நீ தினம் பார்த்தவன் தானே, நீ சொல்லு.”

புல்காரர் கண்ணை மூடி யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை. துவைக்கிற கல்லுக்கு முன்னால் வளைந்ததா, பின்னால் வளைந்ததா? ஓடிப்போய்ச் செல்போனில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வேலை முடிந்த பிறகு எடுத்த படங்கள்தான் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பச்சை.

“ஒரு கயிறு கட்டிடறேன்” என்றார் கடைசியில். “படியிலிருந்து கேட் வரைக்கும். பிடிச்சுட்டே போயிடலாம்.”

“கட்டு. நல்ல யோசனைதான்” என்றாள் அக்கா. “கட்டிட்டா ஊருக்குக் கிளம்பிடுவியா?”

அவர் குனிந்து, சுருட்டி எறிந்த பாய் ஒன்றைப் புரட்டினார்.

“மாட்ட. எனக்குத் தெரியும். நீ தெரியாமப் போயிருக்கணும்டா. இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. கொஞ்ச நாள் நீ சும்மா இருந்திருந்தா போதும்.”

“நீயும் என்கூட வந்துடு.”

“ஒரே அறை, நாலு மாடி. தெரியாத வீட்டுல நான் சுவரைத் தடவிட்டு நிக்கவா? கட்டிலைவிட்டு இறங்க முடியாதவளைப் பார்ப்பியா, கண்ணு தெரியாதவளைப் பார்ப்பியா? சித்தி மகள்கிட்ட விடலாம்னு நினைக்காதே. அவ மாமியார் படுத்த படுக்கை. அஞ்சு நாள் இருந்து பார்த்துட்டுத்தானே வர்றேன்.”

கண் போனபோது அழுதாளோ என்னவோ, புல்காரருக்குத் தெரியாது. இப்போது அழுதாள். “அந்தப் பிள்ளை தனியாக் கிடக்கும்டா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் மண்ணோடு இருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மத்தியானம் மகளைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போடச் சொல்லிவிட்டு, அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கண்ணுன்னு சொல்லாதே, முழங்கால்னு சொல்லு. பயந்துடுவா” என்று கிசுகிசுத்தாள்.

“அத்தைக்கு முழங்கால் ரொம்ப முடியலம்மா” என்றார் புல்காரர். “எழுந்து நடக்கவே கஷ்டப்படறா. தனியா விட்டுட்டு வர முடியாது போலிருக்கு.”

அந்தப் பக்கத்திலிருந்து மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் வந்தது.

“அய்யோ அப்பா, இதுக்கு ஏன் குரல் இப்படி இறங்கிக் கிடக்கு?” என்றாள் மகள். “எனக்கு ஒண்ணும் இல்லப்பா. கீழ் வீட்டு அம்மா தினம் வந்து பார்த்துட்டுப் போறாங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. நான் ஜம்முனு இருக்கேன். நீங்க முதல்ல அத்தையைக் கவனிங்க.”

குரல் தெளிவாக இருந்தது. சிரிப்புகூட இருந்தது. போன வாரம் என்றால் புல்காரர் அதை அப்படியே நம்பி, நல்ல பெண் என்று பெருமைப்பட்டு, நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

பேச்சு முடிந்த பிறகும் அவர் செல்போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அக்கா துழாவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பொய் சொல்றாடா” என்றாள்.

“தெரியும் அக்கா” என்றார் புல்காரர். தெரிந்து என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.